கடலின் அடிக்குக் கார்பன் இறங்கும் வழி: வங்காள விரிகுடாவை வைத்து ஒரு முழு வழிகாட்டி

ஆற்றில் புதுத்தண்ணீர் கலங்கி வரும் நாட்களில் குடத்தின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை நன்றாக உரசி, அதில் தண்ணீரைப் பிடித்து வைப்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம். ராத்திரி வைத்தால் காலையில் மேலே தெளிந்த நீர் நிற்கும், அடியில் வண்டல் படிந்திருக்கும். தனித்தனியாக மிதந்துகொண்டிருந்த மண் துகள்களை அந்தக் கொட்டையின் பசை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது. ஒட்டினது கனத்துப்போகும், கனத்தது இறங்கிவிடும்.

காற்றிலிருந்து எடுத்த கார்பனைக் கடல் தன் ஆழத்துக்கு அனுப்புவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். "கடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுகின்றன" என்ற வரியோடு பல பாடப்புத்தகங்கள் நிறுத்திக்கொள்கின்றன. உறிஞ்சின கார்பன் அடுத்து எங்கே போகிறது, வழியில் யார் யார் கையில் மாட்டுகிறது, எவ்வளவு கீழே போய்ச் சேருகிறது என்பதுதான் முக்கியமான பகுதி. அதை வங்காள விரிகுடாவை வைத்தே பார்க்கலாம். நம் வாசலில் இருக்கும் கடல் என்பது ஒரு காரணம். விளைச்சல் குறைந்த கடலாக இருந்தும் ஆழத்துக்குக் கணிசமாகக் கார்பன் அனுப்பும் கடல் என்பது அதைவிடப் பெரிய காரணம். அது எப்படி முடிகிறது என்று புரிந்துவிட்டால் மொத்த விஷயமும் புரிந்துவிடும்.

தொடங்கும் முன் சில எண்கள்

வளிமண்டலத்தில் இப்போது கிட்டத்தட்ட 900 பில்லியன் டன் கார்பன் இருக்கிறது (ஒரு பில்லியன் என்றால் 100 கோடி). கடலில் கரைந்திருப்பது சுமார் 38,000 பில்லியன் டன், அதாவது நாற்பது மடங்குக்கும் மேல். துருவப் பக்கம் குளிர்ந்து கனத்து மூழ்கும் நீரோடு சேர்ந்து கரைந்தே ஒரு பங்கு கீழே போகிறது. இன்னொரு பங்கு துகளாக விழுந்து போகிறது. இந்தத் துகள் மழை மொத்தமாக நின்றுபோனால், காற்றில் இப்போது 420 பிபிஎம்-ஐ (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தாண்டி நிற்கும் கார்பன் டை ஆக்சைடு மேலும் ஏறத்தாழ 200 பிபிஎம் கூடும் என்று மதிப்பிடுகிறார்கள்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரை வேண்டியிருக்கும். கடலில் ஆழம் என்றால் காலம். ஒரு துகள் 100 மீட்டரில் சிதைந்து மறுபடி கார்பன் டை ஆக்சைடாக மாறினால் அடுத்த புயலோ பருவக்காற்றோ கலக்கும்போது அது மேலே வந்துவிடும். அதே துகள் 1000 மீட்டருக்குக் கீழே போய்ச் சிதைந்தால் அந்த நீர் மறுபடி மேற்பரப்பைத் தொடப் பெரும்பாலும் சில நூறு ஆண்டுகள் ஆகும்.

படி 1: மேல்தளத்தில் கார்பன் உடம்பாக மாறுகிறது

வெளிச்சம் இறங்கும் முதல் நூறு மீட்டர் வரையில்தான் தாவர மிதவை உயிர்கள் வாழ முடியும். டயாட்டம் மாதிரி கண்ணாடி ஓடு போட்டவை, காக்கோலித்தோஃபோர் மாதிரி சுண்ணாம்புத் தகடு போட்டவை, ஓடே இல்லாத மிகச் சின்னவை என்று பல வகை. உலகக் கடல்கள் முழுக்க இவை ஆண்டுக்குச் சுமார் 50 பில்லியன் டன் கார்பனை உடம்பாக மாற்றுகின்றன. நிலத்துக் காடு, வயல், புல்வெளி எல்லாம் சேர்ந்து செய்யும் அளவுக்குக் கிட்டத்தட்ட சமம். ஆனால் காட்டு மரம் நூறு வருடம் நிற்கும், இவற்றின் ஆயுள் சில நாட்கள். பெரும்பாலானவை மேலேயே தின்னப்பட்டு, மேலேயே மூச்சாக வெளியேறிவிடுகின்றன. மேல்தளத்தைத் தாண்டி இறங்குவது ஆண்டுக்கு 5 முதல் 12 பில்லியன் டன் வரை என்று வெவ்வேறு கணக்குகள் சொல்கின்றன.

வங்காள விரிகுடாவில் இந்த முதல் படியே கொஞ்சம் சிரமம். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா என்று இத்தனை ஆறுகளின் நல்ல தண்ணீரும் மழையும் சேர்ந்து உப்புநீரின் மேல் ஒரு மூடி மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. உப்பு குறைந்த நீர் லேசானது என்பதால் காற்று அடித்தாலும் அடிநீர் எளிதில் மேலே வராது. நைட்ரேட், பாஸ்பேட் என்று உயிருக்கு உரமாக வேண்டியதெல்லாம் அந்த அடிநீரில்தான் இருக்கிறது. போதாததற்குப் பருவமழை மேகமும் கலங்கல் நீரும் வெளிச்சத்தையும் குறைக்கின்றன. அரபிக் கடலில் நேர் எதிர்: தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியா, ஓமன் கரையோரம் அடிநீரை இழுத்து மேலே கொண்டுவந்துவிடும், கடல் பச்சையாகும்.

விரிகுடாவின் மூடியைத் திறக்கப் புயல் வேண்டும். 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலுக்குப் பிறகு சென்னைக்கு அப்பால் கடலில் மிதவை உயிர்களின் உற்பத்தி கூடியிருந்ததை ஆய்வாளர்கள் அளந்து பதிவு செய்தார்கள்.

படி 2: தனியாக விழுந்தால் போய்ச் சேராது

இங்கே கையோடு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சின்ன உருண்டை ஒன்று நீரில் விழும் வேகத்துக்கு 1851-இல் ஸ்டோக்ஸ் கொடுத்த சூத்திரம் இருக்கிறது. வேகம் ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, நீரைவிட உருண்டை எவ்வளவு அடர்த்தி கூடியது என்பதையும் பொறுத்தது. 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலமுள்ள ஒரு செல்லை எடுத்துக்கொள்ளுங்கள், அது நீரைவிட 5 சதவீதம் அடர்த்தி கூடியது என்று வையுங்கள். விடை ஒரு நாளைக்குச் சுமார் 23 சென்டிமீட்டர். ஒரு சாண். இந்த வேகத்தில் 3000 மீட்டர் இறங்க 35 வருடம் ஆகும், அதன் ஆயுளோ சில நாட்கள். போகிற வழியில் அதைத் தின்னக் காத்திருக்கும் வாய்களை இன்னும் நாம் சேர்க்கவே இல்லை.

அதனால் ஒற்றைச் செல் ஒருபோதும் ஆழத்துக்குத் தானாகப் போய்ச் சேராது. ஒன்று, அது பலவற்றோடு ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் யாராவது தின்று, உருட்டி, கழிவாகப் போட வேண்டும்.

படி 3: ஒட்டுதல்

இதை வீட்டிலேயே பார்க்கலாம், ஒரு முறையாவது செய்து பாருங்கள். ஒரு பிடி களிமண்ணை ஒரு சொம்புத் தண்ணீரில் நன்றாகக் கரையுங்கள். பத்து நிமிடம் விட்டால் மணலும் கட்டியும் அடியில் போய்விடும். மேலே நிற்கும் கலங்கலை மட்டும் இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஊற்றி, ஒன்றில் ஒரு கரண்டி உப்பு போட்டுக் கலக்கி, இரண்டையும் ஆடாத இடத்தில் வைத்துவிடுங்கள். உப்பில்லாத டம்ளர் மறுநாளும் பால் மாதிரி கலங்கி நிற்கும். உப்பு போட்டதில் கொஞ்ச நேரத்திலேயே பொடிப் பொடியாகத் திரள் தெரியும், டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தால் அந்தத் திரள்கள் மெதுவாக இறங்குவதே கண்ணுக்குத் தெரியும். களிமண் துகள்கள் எல்லாவற்றிலும் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும், உப்பு அந்தத் தள்ளலைத் தணித்துவிடுகிறது. ஆறு கடலில் சேரும் ஒவ்வொரு முகத்துவாரத்திலும் இதுதான் நடக்கிறது.

கடலுக்குள் இன்னொரு பசையும் உண்டு. டயாட்டங்களும் மற்ற மிதவை உயிர்களும் சர்க்கரைச் சங்கிலிகளாலான ஒரு வழவழப்பான பொருளைக் கசிய விடுகின்றன, அது கண்ணுக்குத் தெரியாத கூழ்ப்படலமாகத் திரள்கிறது. சாதாரண நுண்ணோக்கியில் தெரியாமல் இருந்த இதை, 1993-இல் சாயம் ஏற்றிக் காட்டினார்கள். செத்த செல், ஓடு, கழிவு, களிமண், பாக்டீரியா எது மேலே பட்டாலும் இந்தக் கூழில் ஒட்டிக்கொள்ளும். அப்படிச் சேர்ந்து அரை மில்லிமீட்டரைத் தாண்டி வளர்ந்ததைக் கடற்பனி என்கிறார்கள். 1950-களில் ஜப்பானின் ஹொக்கைடோ ஆய்வாளர்கள் குரோஷியோ என்ற நீர்மூழ்கிக் கலத்தின் ஜன்னல் வழியாகப் பார்த்து வைத்த பெயர் அது. விளக்கு வெளிச்சத்தில் வெள்ளை வெள்ளையாக விழுவதைப் பார்த்தால் வேறு பெயர் தோன்றாது.

அடுத்த வழி கழிவு. கோப்பிபாட் என்கிற அரிசிக் குருணை அளவு உயிர்கள் மிதவைத் தாவரங்களைத் தின்று, மெல்லிய சவ்வு சுற்றிய சின்னச் சின்னக் குச்சி மாதிரி கழிவைப் போடுகின்றன. உள்ளே இறுக்கமாக அடைபட்டிருப்பதால் வேகமாக விழும். சால்ப் என்ற ஜெல்லி உயிரின் கழிவு இன்னும் பெரியது, நாளைக்கு 1000 மீட்டர் வரைகூட இறங்கும். கழிவு என்று ஒதுக்க வேண்டாம், கார்பன் இறங்கும் முக்கியமான வாகனங்களில் இதுவும் ஒன்று.

படி 4: கனம் ஏற்றுதல்

இந்தப் படிதான் எனக்கு மிகவும் பிடித்தது, விரிகுடாவின் கதையே இதில்தான் இருக்கிறது.

கடற்பனியின் உள்ளே பெரும்பகுதி தண்ணீர். அதனால் ஆரம் பத்து மடங்கு கூடினாலும் வேகம் சூத்திரம் சொல்வது மாதிரி நூறு மடங்கு கூடாது. நல்ல தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால் கடல் நீரின் அடர்த்தி 1.025, உயிர்ப்பொருளின் அடர்த்தி அதைவிட மயிரிழைதான் கூடுதல். டயாட்டத்தின் சிலிக்கா ஓடு 2-ஐ ஒட்டி, களிமண் 2.6, சுண்ணாம்பு 2.7. இப்படிப்பட்ட தாதுப் பொருள் பஞ்சுத் திரளுக்குள் கொஞ்சம் ஏறினாலே இறங்கும் வேகம் மாறிவிடும். வலையின் ஓரத்தில் ஈயக்குண்டு கோப்பது எதற்கோ, இதுவும் அதற்கே.

கங்கையும் பிரம்மபுத்திராவும் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் வண்டலைச் சுமந்து வருகின்றன. பெரும்பங்கு டெல்டாவிலும் கரையோரத்திலும் தங்கிவிடும், நுண்ணிய களிமண் மட்டும் நடுக்கடல் வரை போகும். 1980-களின் நடுவில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து முதலில் அரபிக் கடலிலும் பிறகு வங்காள விரிகுடாவிலும் ஆழத்தில் துகள் பொறிகளை, அதாவது விழும் துகளைக் குப்பிகளில் பிடித்துச் சேர்க்கும் புனல்களை, நிறுத்தின. ஆர். ஆர். நாயர், இட்டெக்கோட், ராமசாமி முதலானோர் 1989-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட முடிவு அரபிக் கடலைப் பற்றியது: பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆழ்கடலில் விழும் துகள் கூடுகிறது. மேலே அடிக்கும் காற்றின் தாளம் ஆழத்தின் இருட்டிலும் பதிவாகிறது என்று காட்டிய வேலை அது. அப்புறம் விரிகுடாவின் குப்பிகள் வந்தபோதுதான் ஆச்சரியம். மேலே விளைச்சல் அரபிக் கடலைவிடக் குறைவு, ஆழத்தில் விழும் கரிமக் கார்பனோ அதோடு ஒப்பிடக்கூடிய அளவு. ஆற்று மண் சேர்ந்த திரள்கள் வேகமாக இறங்கிவிடுகின்றன, வழியில் தின்னப்பட நேரம் கொடுப்பதில்லை என்று விளக்கினார்கள்.

இதில் ஒரு விவாதமும் இருக்கிறது. மண் கார்பனைச் சுமக்கிறதா, கார்பன் கூழ்தான் மிதந்துகொண்டிருக்கும் மண்ணைப் பொறுக்கிக்கொண்டு போகிறதா? இரண்டும் நடக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. கூழ் இல்லாமல் மண் ஒட்டாது, மண் இல்லாமல் கூழ் இறங்காது. எப்படியானாலும் அணைகள் வண்டலைத் தடுத்து நிறுத்துவதை டெல்டா தேயும் பிரச்சினையாக மட்டும் பார்க்காமல், கடலுக்குப் போகும் கனத்தின் பிரச்சினையாகவும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். கிருஷ்ணா, கோதாவரி இரண்டிலுமே கடலைச் சேரும் வண்டல் அணைகளுக்குப் பிறகு வெகுவாகக் குறைந்திருக்கிறது.

படி 5: பசியிடமிருந்து தப்பித்தல்

மேல்தளத்தைத் தாண்டியவுடன் ஆபத்து தொடங்குகிறது. திரளின் மேலேயே ஒட்டி வரும் பாக்டீரியாக்கள் அதைக் கரைக்கின்றன. கோப்பிபாட்கள் வழியில் மறித்துக் கடித்து உடைக்கின்றன, உடைந்த துண்டு சிறியதாகி, மறுபடி மெதுவாகி, இன்னும் எளிதாக மாட்டிக்கொள்கிறது. எவ்வளவு தப்பிக்கிறது என்பதற்கு ஜான் மார்ட்டினும் அவரது குழுவும் வடகிழக்குப் பசிபிக்கில் போட்ட பொறிகளை வைத்து 1987-இல் ஒரு வளைவைக் கொடுத்தார்கள். ஆழத்தை 100 மீட்டரால் வகுத்து, அதன் மைனஸ் 0.858 அடுக்கை எடுத்தால் 100 மீட்டரைத் தாண்டியதில் எத்தனை பங்கு மிஞ்சும் என்று தெரியும். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்: 200 மீட்டரில் 55 சதவீதம், 500-இல் 25, 1000-இல் 14, 2000-இல் 8-க்கும் குறைவு, 4000-இல் 4.

முதல் சில நூறு மீட்டரில்தான் பெரிய இழப்பு என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் வேகம் இவ்வளவு முக்கியம்: அந்தப் பசி மிகுந்த பட்டையை இரண்டு நாளில் கடக்கும் துகளுக்கும் இருபது நாளில் கடக்கும் துகளுக்கும் கதி ஒன்றாக இருக்க முடியாது. இந்த 0.858 எல்லாக் கடலுக்கும் பொதுவான விதியும் இல்லை, சராசரிதான். வெதுவெதுப்பான நீரில் பாக்டீரியா வேகமாக வேலை செய்யும், இழப்பு மேலேயே முடிந்துவிடும். ஆக்சிஜன் மிகக் குறைந்த பட்டைகளில் தின்பவர் குறைவு, தப்பிப்பது கூடும். அப்படிப்பட்ட பட்டை அரபிக் கடல், வங்காள விரிகுடா இரண்டிலுமே இருக்கிறது.

படி 6: போய்ச் சேர்ந்த பிறகு

தரையைத் தொட்டதில் பெரும்பங்கையும் அங்கே இருக்கும் கடல் வெள்ளரி, புழு, பாக்டீரியா எல்லாம் சேர்ந்து முடித்துவிடும். மேலே விளைந்ததில் சேற்றுக்குள் நிரந்தரமாகப் புதைவது ஒரு சதவீதத்துக்கும் வெகு குறைவு. ஆனால் அந்த ஆழத்தில் கரைந்து நீரோடு கலந்தாலும் அது சில நூறு ஆண்டுகளுக்குக் காற்றுக்குத் திரும்பாது, நம் கணக்குக்கு அதுவே பெரிய லாபம். விரிகுடாவின் தரையில் இமயமலை மண் தெற்கே சுமார் 3000 கிலோமீட்டர் நீளத்துக்கு விசிறியாகப் பரவிக் கிடக்கிறது. உலகத்தின் மிகப்பெரிய கடலடி வண்டல் விசிறி அதுதான். வண்டல் அவ்வளவு வேகமாக மூடுவதால் ஆறு கொண்டுவந்த செடிகொடிகளின் கார்பனும் அங்கே நன்றாகப் புதைகிறது.

படி 7: இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள்

அரை சதுர மீட்டர் வாயுள்ள ஒரு பெரிய புனல். வாயில் தேன்கூடு மாதிரி தடுப்பு, அடியில் சுழலும் தட்டு, தட்டில் வரிசையாகக் குப்பிகள். சில மாடல்களில் 21 குப்பிகள் இருக்கும். கடலடியில் நங்கூரமும் மேலே மிதவைகளும் கட்டி நடுவில் இதைத் தொங்கவிடுவார்கள். ஒவ்வொரு குப்பியும் குறித்த நாட்கள் திறந்திருந்து நகர்ந்துவிடும். விழுந்தது அழுகாமல் இருக்க ஃபார்மலினோ மெர்குரிக் குளோரைடோ கலந்த அடர் உப்புநீர் உள்ளே இருக்கும். வருடம் கழித்து மேலே எடுத்து, குப்பிகளை வரிசையாக நிறுத்தினால், அடியில் படிந்த பழுப்பு வண்டல் ஒன்றில் விரல் உயரமும் அடுத்ததில் நூல் உயரமுமாக நிற்கும். வரைபடமே வேண்டாம், எந்த மாதம் கடல் செழித்தது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். தானாக நீந்தி வந்து மாட்டிச் செத்த உயிர்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் எடை போட வேண்டும், அவை விழுந்த கார்பன் கணக்கில் சேராது.

பொறி பிடிப்பது நேர் மேலே இருக்கும் கடலை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நாளைக்கு 100 மீட்டர் விழும் துகள் 3000 மீட்டர் இறங்க ஒரு மாதம். அந்த மாதம் முழுக்க நொடிக்கு 10 சென்டிமீட்டர் நீரோட்டம் ஒரே பக்கம் தள்ளினால் 250 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும்.

ஆழம் குறைந்த இடத்தில் நீரோட்டம் பொறியை ஏமாற்றும் என்பதால் தோரியம்-234 என்ற கதிரியக்கத் தனிமத்தையும் பயன்படுத்துகிறார்கள். கடல் நீரில் கரைந்த யுரேனியத்திலிருந்து இது பிறந்துகொண்டே இருக்கிறது, யுரேனியம் கரைந்தே இருக்கும், தோரியமோ துகளில் ஒட்டிக்கொள்ளும். மேல்தளத்தில் யுரேனியத்தின் கதிரியக்கத்துக்குச் சமமாக இருக்க வேண்டிய தோரியத்தின் கதிரியக்கம் குறைந்திருந்தால், தோரியம் துகளோடு சேர்ந்து இறங்கிவிட்டது என்று பொருள். இதன் அரை ஆயுள் 24 நாட்கள், எனவே கடந்த சில வாரங்களின் கணக்கு கிடைக்கும்.

துகளாக விழாமல் இறங்கும் வழியும் ஒன்று உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளக்கு மீன்களும் கோப்பிபாட்களும் ராத்திரி மேலே வந்து தின்று, விடியும்முன் சில நூறு மீட்டர் கீழே போய் அங்கே மூச்சு விடுகின்றன, கழிக்கின்றன. அதுவும் கார்பனைக் கீழே இறக்குவதுதான்.

செய்தி படிக்கும்போது என்ன கேட்க வேண்டும்

"கடல் பச்சையானது, இத்தனை டன் கார்பன் பிடிக்கப்பட்டது" என்று எங்கே படித்தாலும் முதல் கேள்வி: எந்த ஆழத்தில் அளந்தார்கள்? 100 மீட்டரில் 100 டன் என்றால் மார்ட்டின் வளைவின்படி 1000 மீட்டரில் 14 டன். அடுத்து, என்ன வகை உயிர் வளர்ந்தது என்று கேளுங்கள். சுண்ணாம்பு ஓடு போடும் உயிர் என்றால், நல்ல கனம் கொடுத்தாலும், அந்த ஓடு உருவாகும்போதே கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு நீரில் வெளிப்படும், அதைக் கழிக்க வேண்டும். அப்புறம், அதைத் தின்றது யார்?

அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலில், மிதவை உயிர்களுக்கு உரமாக இரும்பு தூவிப் பார்த்த இரண்டு சோதனைகளை அருகருகே வைத்தால் இந்தக் கேள்விகளின் அருமை தெரியும். இரண்டுமே போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் கப்பலில் நடந்தவை. 2004-இல் நடந்த ஐஃபெக்ஸ் சோதனையில் டயாட்டங்கள் பெருகின, செத்தன, ஒன்றோடொன்று சிக்கித் திரளாகின. அந்தப் பெருக்கத்தின் பாதிக்குக் குறையாத பங்கு 1000 மீட்டருக்குக் கீழே இறங்கியது என்று 2012-இல் வெளியான கட்டுரை காட்டியது. 2009-இல் கோவா நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரெட் வேகனர் நிறுவனமும் சேர்ந்து நடத்திய லோஹாஃபெக்ஸில் சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு தூவினார்கள். அந்த நீரில் டயாட்டம் ஓடு கட்டப் போதுமான சிலிக்கா இல்லை. ஓடில்லாத சின்ன உயிர்கள்தான் வளர்ந்தன, அவற்றைக் கோப்பிபாட்கள் மேய்ந்தன, கோப்பிபாட்களை ஆம்ஃபிபாட்கள் என்ற இறால் மாதிரி உயிர்கள் தின்றன. தண்ணீர் பச்சையானது என்னவோ உண்மை. கீழே மிதக்கவிட்ட பொறிகளில் விழுந்ததோ, இரும்பு தூவாத பக்கத்துக் கடலில் விழுந்த அளவுதான்.